ஒளியால் இறுகும் பிசினும் மொழியால் இறுகும் இனமும்

(கந்தர்வக்கோட்டையில் தமிழன்பர்கள் கூட்டிய திங்கட்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

மொழியைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் பிசினைப் பற்றிப் பேசப்போகின்றேன் என்றவுடன் சிலர் முகத்தில் வியப்புத் தோன்றுகின்றது. வியப்பு வேண்டா. தமிழ்காப்பு என்பது பழஞ்சொற்களைப் பேழையில் இட்டுப் பூட்டிவைக்கும் வேலை அன்று. இன்று நம் இளைஞன் கையில் எந்தக் கருவி இருக்கின்றதோ, எந்தப் பொருள் அவன் விரலில் ஒட்டுகின்றதோ, அதன் பெயரும் இயல்பும் ஆக்கமும் கேடும் அவன் தாய்மொழியில் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அஃது இல்லாதவரை நாம் எத்தனை மேடை போட்டுத் தமிழ் வாழ்க என்று முழங்கினாலும், தமிழ் மேடையில் வாழும், பட்டறையில் வாழாது. பட்டறையில் வாழாத மொழி நெடுநாள் வாழாது.

ஆகவே இன்று எப்பாக்சி என்னும் பிசினைப் பற்றியும், அதனைப் புறவூதாக் கதிரால் இறுகச் செய்யும் முறையைப் பற்றியும் பேசுகின்றேன். அது நம் ஊர் முந்திரித் தோப்புவரை வந்து நம்மைத் தொடும் செய்தி என்பதைப் போகப்போக உணர்வீர்கள்.

காய்தலும் இறுகலும்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சுவருக்குச் சுண்ணம் பூசுகின்றோம்; நீர் ஆவியாகப் போகின்றது; சுண்ணம் காய்கின்றது. நனைந்த துணியைக் கொடியில் இடுகின்றோம், துணி உலர்கின்றது. இங்கெல்லாம் நீர் வெளியேறுகின்றது. ஆனால் இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் குழைத்து ஒட்டுகின்றோமே, கடைகளில் அரால்டைட்டு என்னும் பெயரால் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒட்டுப்பசை, அது காய்வதில்லை. அதிலிருந்து எதுவும் ஆவியாகிப் போகவேண்டுவதில்லை. அதன் நுண்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, பின்னிப் பிணைந்து, ஒரே பெருங்கூறாக மாறிவிடுகின்றன. இதற்குக் காய்தல் என்று பெயரிடுவது பிழை. இறுகல் என்பதே பொருந்தும் சொல்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று எண்ணாதீர்கள். காயும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட தம்பி, காற்றுப்படும் இடத்தில் வைத்தால் விரைவில் ஆகிவிடும் என்று நினைப்பான். இறுக்கியைச் சிறிது குறைத்து ஊற்றினாலும் நாளடைவில் காய்ந்துவிடும் என்று நம்புவான். அது நாளடைவிலும் இறுகாது. அளவு தவறினால் சில கூறுகள் கைகோக்கத் துணையின்றி என்றும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். சரியான சொல்லைக் கற்றவன் சரியான வேலையைச் செய்கின்றான். சொல்லே முதல் ஆசிரியன்.

தமிழில் இவ்வகை மாற்றங்களுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உலர்தல், காய்தல், புலர்தல், உணங்கல் என்பன நீர் நீங்குவதைச் சுட்டுவன. உறைதல், இறுகல், கெட்டிப்படல் என்பன நீர்மம் திண்மமாவதைச் சுட்டுவன. இத்தனை நுண்மையுள்ள மொழியில் அறிவியல் சொல்ல முடியாது என்று ஒருவன் கூறினால், அவனுக்குத் தெரியாதது தமிழா அறிவியலா என்று கேளுங்கள்.

வளையப் பிசின்

இப்பிசினின் வரலாற்றைச் சுருங்கச் சொல்கின்றேன். செருமனியில் பால் சுலாக் என்பார் 1934-ஆம் ஆண்டில் இவ்வகைப் பொருள்களுக்குக் காப்புரிமை கோரினார். சுவிட்சர்லாந்தில் பியர் காசுதான் என்பார் பற்கட்டுச் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைசெய்தார். செயற்கைப் பல்வரிசைக்கு ஏற்ற பொருளைத் தேடியவர், 1930-களின் பிற்பகுதியில் இப்பிசினை உருவாக்கினார். அவ்வுரிமையைப் பெற்ற சீபா நிறுவனம் 1946-இல் அரால்டைட்டு என்னும் பெயரோடு அதனை உலகின்முன் வைத்தது. பல் கட்டத் தேடிய பொருள் பாலங்கட்டவும் வானூர்தி ஒட்டவும் பயன்பட்டது.

அதன் உள்ளமைப்பு யாது? இரண்டு கரிம அணுக்களும் ஓர் உயிர்வளி அணுவும் சேர்ந்த முக்கோண வளையம் அதன் நுண்கூற்றின் முனைகளில் இருக்கின்றது. இயல்பாக விரிந்து நிற்க விரும்பும் பிணைப்புகள் அம்முக்கோணத்தில் வலிந்து வளைக்கப்பட்டிருக்கின்றன. வளைத்துக் கட்டிய மூங்கிலைப் போல அவை எப்போது கட்டவிழும் என்று காத்திருக்கின்றன. தக்க துணை வந்து தொட்டால் வளையம் சட்டெனத் திறக்கும். திறந்த முனை அடுத்த கூற்றைப் பற்றிக்கொள்ளும். எப்பாக்சி என்னும் வேற்றுச்சொல்லுக்கு வளையப் பிசின் என்று நான் பெயரிடக் கரணியம் இதுவே. பெயரைக் கேட்டவுடன் அதன் உயிர்நிலை எது என்று விளங்கவேண்டும்.

வழக்கமான முறையில் அவ்வளையத்தைத் திறப்பது இரண்டாவது குழாயில் உள்ள இறுக்கி. பெரும்பாலும் அது அமைன் என்னும் வகையைச் சேர்ந்தது. இரண்டையும் கலந்த நொடியிலிருந்தே இறுகல் தொடங்கிவிடும். கலந்ததை நாளைக்கு என்று எடுத்துவைக்க இயலாது. வேலைக்காரன் பொழுதுக்கு அடிமை. பிசின் அவனுக்குக் காத்திருக்காது.

ஒளி என்னும் உறைமோர்

இங்கேதான் ஒளி வருகின்றது. கலவை கிண்ணத்தில் இருக்கும்வரை நீர்மமாகவே இருக்கவேண்டும். நாம் விரும்பும் இடத்தில் விரும்பும் நொடியில் இறுகவேண்டும். இதற்கு வழி உண்டா என்று அறிஞர்கள் தேடினார்கள்.

ஒளிக்கு இப்பண்பு உண்டென்பது முன்பே தெரிந்திருந்தது. 1801-ஆம் ஆண்டில் செருமானியரான இரிட்டர், ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று வெள்ளி உப்பை விரைந்து கருக்குவதைக் கண்டார். அதுவே புறவூதாக் கதிர். ஏறத்தாழ 1826, 1827-ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டு நியெப்சு, தகட்டின்மேல் ஒருவகை நிலக்கீலைப் பூசி வெயிலில் வைத்தார். ஒளிபட்ட இடம் இறுகியது. படாத இடத்தை எண்ணெயால் கழுவ முடிந்தது. ஒளிப்படக்கலையின் தொடக்கம் அஃது. ஒளியால் பிசின் இறுகும் கலையின் தொடக்கமும் அதுவே.

வளையப் பிசினுக்கு உரிய ஒளித்தூண்டி 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் செனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வகத்தில் சேம்சு கிரிவெல்லோவின் உழைப்பால் உருவாயிற்று. அயோடினையோ கந்தகத்தையோ நடுவாகக் கொண்ட ஒருவகை உப்பு அது. இருட்டில் அது பேசாதிருக்கும். புறவூதாக் கதிர் பட்டவுடன் உடைந்து, மிகு வலிமையுள்ள காடியை, அதாவது அமிலத்தை, பிறப்பிக்கும். அக்காடி முக்கோண வளையத்தைத் திறக்கும். திறந்த வளையம் அடுத்ததைத் திறக்கும். அது மற்றொன்றைத் திறக்கும். இவ்வாறு தொடராகப் பின்னிக்கொண்டே போகும்.

தாய்மார்களுக்கு இதைச் சொல்ல நான் தடுமாறவேண்டுவதில்லை. ஒரு குடம் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் போதும். பால் முழுவதும் தயிராகும். உறை குத்தியபின் நீங்கள் பக்கத்தில் நின்று காவல் காப்பதில்லை. அது தானே நிகழும். ஒளித்தூண்டியும் அத்தகையதே. கலவையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்த்தாலே போதும். கதிர் பட்டுக் காடி பிறந்தபின் விளக்கை அணைத்தாலும் இறுகல் நிற்பதில்லை, இருட்டிலும் தொடர்கின்றது. மோரில் வேலைசெய்வன நுண்ணுயிர்கள். இங்கே வேலைசெய்வது காடி. இவ்வேற்றுமையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிக் கண்ணாடியை ஒட்டும் கடையிலும், பல்லின் குழியை அடைக்கும் மருத்துவரிடமும் ஒளியைக் காட்டி இறுகவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்லுக்கு இன்று பெரும்பாலும் நீல ஒளியையே காட்டுகின்றனர். அவ்விடங்களில் பயன்படுவது பெரும்பாலும் அக்ரிலேட்டு என்னும் வேறொரு குடும்பம். அதன் இறுகல் விரைவானது; ஆனால் காற்றிலுள்ள உயிர்வளி அதனைத் தடுப்பதால் மேற்பரப்பு சிலபோது பிசுபிசுக்கும். இறுகும்போது மிகுதியாகச் சுருங்கவும் செய்யும். வளையப் பிசினை உயிர்வளி தடுப்பதில்லை, சுருக்கமும் குறைவு, பற்றும் உறுதி. ஆனால் ஈரமும் காரப்பொருளும் அதற்குப் பகை. காடியை அவை விழுங்கிவிடும். இரண்டு குடும்பங்களையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவோர் பலர். நம் இளைஞர் அவ்வாறு குழம்பலாகாது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. கதிர் புகாத இடத்தில் தூண்டி உடையாது. கருநிறச் சாயம் கலந்தால் மேற்புறம் இறுகி உட்புறம் நீர்மமாகவே நிற்கும். வளைவின் நிழலிலும் தடித்த அடுக்கின் ஆழத்திலும் இறுகல் குறையும். விளக்கும் தூண்டியும் பொருந்தவேண்டும்; இதளாவி விளக்கின், அதாவது பாதரச ஆவி விளக்கின், 365 நானோமீட்டர்க் கதிரையும், இன்றைய ஒளியுமிழ் இருமுனைய விளக்கின் 365, 385, 395 நானோமீட்டர்க் கதிர்களையும் ஒவ்வொரு தூண்டியும் ஒரேவகையாக ஏற்பதில்லை. ஆகவே இரண்டு குழாய்ப் பிசின் ஒழிந்துவிடவில்லை, ஒழியவும் போவதில்லை. அததற்கு அதனதன் இடம் உண்டு.

ஆயினும் ஒளிமுறையின் இடம் நாள்தோறும் விரிகின்றது. 1984-இல் சார்லசு அல் என்பார் நீர்மப் பிசினின்மேல் புறவூதாக் கதிரால் வரைந்து, அடுக்கடுக்காக உருவங்களை எழுப்பும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1986-இல் அது வழங்கப்பட்டது. இன்று முப்பருமான அச்சு என்று பேசப்படுவதன் மூத்த வடிவம் அது. எட்டு வளையங்கள் கொண்ட பிசின் ஒன்று எசு.யு.-8 என்னும் பெயரில் மயிரிழையினும் மெல்லிய பொறிகளை வார்க்கப் பயன்படுகின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றாலை இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. மணலும் மழையும் அரித்த இறக்கை முனைகளைச் செப்பனிட, ஒளியால் இறுகும் பூச்சுகளும் வந்துள்ளன.

நம் தோப்பில் எரியும் செல்வம்

இனி நம் ஊருக்கு வருவோம். கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடந்துபோகாதவர் இக்கூட்டத்தில் இரார். சாலையோரத்தில் முந்திரி வறுத்து, உடைத்து, பொட்டலங் கட்டி விற்கும் நம் தாய்மாரைப் பார்த்திருக்கின்றீர்கள். அவர் விரல்களை உற்றுப் பார்த்ததுண்டா? கருத்தும் தோலுரிந்தும் இருக்கும் அவ்விரல்களுக்கும் நான் இதுவரை பேசிய பிசினுக்கும் உறவு உண்டு.

முந்திரி நம் மண்ணில் பிறந்த மரம் அன்று. பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொணர்ந்தது. வந்த மரம் நம் செம்மண்ணை ஏற்றுக்கொண்டது. நம் மக்களும் அதனை ஏற்றுக்கொண்டனர். அதன் கொட்டையின் ஓட்டில், எடையில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்குவரை ஓர் எண்ணெய் இருக்கின்றது. தோலில் பட்டால் புண்ணாக்கும் எண்ணெய். வண்ணார் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இதே குடும்பத்து மரத்தினதே. அதன் சாறும் தோலைப் புண்ணாக்கும், துணியில் அழியாக் கறையாக இறுகும். இக்குடும்பத்து எண்ணெய்களின் இயல்பே இறுகுவதுதான். கடற்கரை மக்கள் ஓட்டெண்ணெயைப் படகுக்கும் வலைக்கும் பூசிக் காத்தது இப்பட்டறிவால்தான்.

அவ்வெண்ணெயை வெப்பப்படுத்தினால் கார்டனால் என்னும் பொருள் கிடைக்கின்றது. கார்டனாலிலிருந்து ஆக்கப்படும் பீனால்கமைன் என்பது வளையப் பிசினுக்கு மிகச் சிறந்த இறுக்கிகளுள் ஒன்று. குளிரிலும் ஈரத்திலும் இறுகவல்லது. ஆகவே கப்பலின் அடிப்புறத்துக்கும் கடற்பாலத்துக்கும் பூசும் பூச்சுகளில் அது விரும்பப்படுகின்றது. வண்டிகளின் தடுப்புக்கட்டையில் சேர்க்கும் உராய்வுத்தூளும் இவ்வெண்ணெயிலிருந்து வருவதே. கார்டனாலில் முக்கோண வளையத்தை ஏற்றி அதனையே வளையப் பிசினாக மாற்றவும் முடியும். நிலத்தடி எண்ணெயிலிருந்து வரும் பிசினுக்கு மாற்றாக, மரத்திலிருந்து வரும் பிசினை ஒளியால் இறுகச் செய்யும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். திறந்த சட்டியில் கொட்டையை வறுக்கும்போது இவ்வெண்ணெய் தீப்பற்றிக் கரும்புகையாகப் போகின்றது. அப்புகை நம் தாய்மாரின் கண்ணில் புகுகின்றது, நெஞ்சில் படிகின்றது. எஞ்சியது விரலைத் தின்கின்றது. உலகம் விலைகொடுத்து வாங்கும் பொருளை நாம் புகையாக்கி மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கின்றோம். பின்பு அதே குடும்பத்துப் பொருளை, வேற்றுப் பெயர் பொறித்த தகரக் குப்பியில், கேட்ட விலை கொடுத்து வாங்குகின்றோம். பருப்பு மட்டும் நம்முடையது. ஓட்டின் அறிவு பிறருடையது. மூலப்பொருளை விற்று முடிந்த பொருளை வாங்கும் இனம், முதுகில் நீர்சுமந்தும் நாவறண்டு சாகும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், கசாப் புயல் இப்பக்கத்துத் தோப்புகளை வேரோடு சாய்த்ததை மறந்திருக்கமாட்டீர்கள். முந்திரிக்கன்று நட்டு, காய்த்துப் பயன்தர ஆண்டுகள் ஆகும். அவ்வாறு அரும்பாடுபட்டு மீட்டெடுக்கும் மரத்திலிருந்து பாதிப்பயனை மட்டும் பெற்றுக்கொண்டு மீதியை எரிப்பது, உழவனுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது புயல்.

எச்சரிக்கை எந்த மொழியில்?

இனி, நான் இங்கு வந்ததன் தலையாய நோக்கத்தைச் சொல்கின்றேன்.

இறுகிய வளையப் பிசின் பெரும்பாலும் தீங்கற்றது. இறுகாத பிசினும் இறுக்கியும் அவ்வாறு அல்ல. அவை தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகும். இன்று ஒன்றும் செய்யாது. நாளையும் ஒன்றும் செய்யாது. திங்கள் சில கழிந்து ஒருநாள் கை சிவக்கும், அரிக்கும், கொப்புளிக்கும். ஒருமுறை உடல் அதனைப் பகையாக எண்ணத் தொடங்கிவிட்டால், பின்பு வாழ்நாள் முழுதும் சிறுதுளி பட்டாலும் பொங்கும். அத்தொழிலையே விட்டு வெளியேற நேரும். கையில் ஒட்டிய பிசினைச் சாயங்கரைக்கும் தின்னர் ஊற்றிக் கழுவுவது நம் பட்டறைகளின் வழக்கம். அதுவே பெருந்தீங்கு, அக்கரைப்பான் தோலின் எண்ணெய்க்காப்பை அழித்துப் பிசினை உள்ளே ஏற்றும். துணியால் துடைத்துச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவவேண்டும். அதற்கு முன்னே கையுறை அணியவேண்டும்.

புறவூதா விளக்கும் அவ்வாறே. அதன் கொடுமை கண்ணுக்குத் தெரியாது. பார்க்கும்போது வலிப்பதில்லை, சில மணிப்பொழுது கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்தும். மின்பற்றவைப்புச் செய்யும் தோழர்கள் இத்துன்பத்தை நன்கறிவர். நெடுங்காலம் படின் தோலுக்கும் கண்ணுக்கும் நிலைத்த கேடு. அதற்குரிய கண்ணாடி அணியாமல் அவ்விளக்கின்கீழ் வேலைசெய்வது அறியாமை.

அறியாமை என்றேன். அவ்வறியாமை யாருடைய குற்றம்? குப்பியின்மேல் இவை பொடியெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன; ஆங்கிலத்தில்! சிலவற்றில் இந்தியில்! ஆழ்துளைக்கிணற்றுப் பொறிக்குக் கம்பிசுற்றும் தம்பியும், கற்பலகை வெடிப்பை அடைக்கும் அண்ணனும், கைப்பேசி செப்பனிடும் தங்கையும் எந்த மொழியில் படிப்பார்கள்?

பொதியப்பட்ட பண்டங்களுக்கு இந்திய அரசு 2011-இல் வகுத்த எடையளவு நெறிகளைப் பாருங்கள். பொதியின்மேல் கட்டாயம் இருக்கவேண்டிய விளக்கங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும் என்பது நெறி. வேறு மொழி கூடுதலாக இருக்கலாமாம், தடையில்லையாம்! தமிழனிடம் விற்கும் பொருளின்மேல் தமிழ் கட்டாயமில்லை, இருந்தால் பொறுத்துக்கொள்வார்களாம்! பெயருக்கும் விலைக்கும் அளவுக்குமே இதுதான் நிலை என்றால், எச்சரிக்கைக்குத் தமிழ் எங்கிருந்து வரும்?

இயலாத ஒன்றையா நாம் கேட்கின்றோம்? 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி நெறிகளில், இந்தி ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் குறிப்புகள் அச்சிடப்படவேண்டும் என்று உள்ளது. நஞ்சுக்குப்பியில் தமிழுக்கு இடமுண்டு எனில், பிசின்குப்பியில் ஏன் இல்லை? உழவனின் உயிருக்குத் தமிழ் வேண்டும் என்று ஏற்ற அரசு, பட்டறைத் தொழிலாளியின் கைக்கும் கண்ணுக்கும் தமிழ் வேண்டும் என்பதை ஏற்கக் கூடாதா? மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைச் சண்டை என்று நகைப்பவர்களிடம் சொல்லுங்கள்: அது கொப்புளித்த கையின் உரிமை, உறுத்தும் கண்ணின் உரிமை.

முடியுமா என்பார்க்கு

இவ்வளவு நுண்ணிய வேதியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்பார் இன்னும் உளர். அவர்க்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டுகின்றேன். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன் 1847-இல் அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வேதியல் நூலொன்று கெமிசுதம் என்னும் பெயரில் 1875-இல் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் அயலார் ஒருவர் செய்து காட்டியதைத் தமிழராகிய நாம் இன்று முடியாது என்போமாயின், குறை மொழியில் இல்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும் அதே ஐயம் எழுப்பப்பட்டது. ஐயம் எழுப்புவோர் ஒருபோதும் நூல் எழுதுவதில்லை என்பதை நோக்குங்கள்.

நம் பக்கத்திலேயே காரைக்குடியில் நடுவண் மின்வேதியல் ஆய்வகம் இருக்கின்றது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருவாவும் ஈந்ததால் எழுந்தது. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்டது. துருவைத் தடுக்கும் பூச்சுகளை ஆயும் பெருநிலையம் அது. தமிழன் கொடுத்த நிலத்தில் விளையும் அறிவு, அந்நிலத்தைச் சூழ்ந்து வாழும் தமிழனுக்கு அவன் மொழியில் வந்துசேரவேண்டும் என்று கேட்பது பேராசையா?

நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன். எதைக் கண்டாலும் இது நம் முன்னோர்க்கு அன்றே தெரியும் என்று மார்தட்டும் பழக்கத்தை விட்டொழியுங்கள். நம் முன்னோர்க்குக் குங்கிலியம் தெரியும், அதனை எண்ணெயில் காய்ச்சிப் படகின் இடுக்கை அடைக்கத் தெரியும், அரக்குத் தெரியும். வளையப் பிசின் தெரியாது. புறவூதாக் கதிர் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்பது முன்னோரைப் போற்றுவதாகாது. நம் சோம்பலை மூடிக்கொள்வதாகும். அவர் தம் காலத்துக்கு வேண்டியதைக் கண்டார். நாம் நம் காலத்துக்கு வேண்டியதைக் காணவேண்டும். அதுவே வழித்தோன்றல் என்னும் சொல்லுக்குப் பொருள்.

சொல்லாக்கத்திலும் அளவறிந்து நில்லுங்கள். தொழிலாளி கையாளும் பொருளுக்கும் நிகழ்வுக்கும் தமிழ்ப்பெயர் கட்டாயம் வேண்டும்: பிசின், இறுக்கி, ஒளித்தூண்டி, இறுகல், புறவூதாக் கதிர். கேட்டவுடன் விளங்கும் பெயர்கள் இவை. கார்டனால் போன்ற தனிப்பொருளின் பெயரைத் தமிழெழுத்தில் எழுதி, அதன் இயல்பைத் தமிழில் விளக்கினால் இப்போதைக்குப் போதும். விளங்காத சொல்லைப் படைத்து விளங்காத சொல்லை விரட்டுவதால் யாருக்கும் ஆக்கமில்லை.

செய்யவேண்டுவன

பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. நான்கு வேலைகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: பிசினும் புறவூதா விளக்கும் பயன்படும் ஒவ்வொரு பட்டறையிலும் கடையிலும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் தமிழ்க் குறிப்பு ஒட்டவேண்டும். கையுறை அணிக, தின்னரால் கை கழுவற்க, கதிரை நேரே நோக்கற்க, காற்றோட்டம் வைக்க, கலவை அளவு தவறற்க. ஐந்து தொடர்கள் போதும். அதற்கு எவர் ஒப்புதலும் வேண்டா; நாளைக் காலையே செய்யலாம்.

இரண்டு: பொதிகளின்மேல் அந்தந்த மாநில மக்களின் மொழி கட்டாயமாகவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் நெறிகளைத் திருத்தக் கோரி, ஊர்மன்றங்களில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பவேண்டும். ஓர் ஊரின் குரல் தாளாகும். நூறு ஊரின் குரல் ஆணையாகும்.

மூன்று: முந்திரி உடைக்கும் தாய்மார் கூட்டுறவாக ஒன்றுசேர்ந்து, ஓட்டை எரிக்காமல் திரட்டி, எண்ணெய் பிழியும் ஆலைகளுக்கு நேரே விற்கும் வழியை ஆராயவேண்டும். திறந்த சட்டிக்கு மாற்றாக ஆவியில் வேகவைத்து உடைக்கும் முறை முன்பே நடப்பில் உள்ளது. புகையும் குறையும், எண்ணெயும் ஓட்டிலேயே நிற்கும். முதலீட்டுக்கு அரசின் கதவைத் தட்டுவோம். தட்டிய கதவு திறவாவிடில் மீண்டும் தட்டுவோம்.

நான்கு: பள்ளி ஆசிரியர்கள் இவ்வேதியலைத் தமிழில் மாணவர்க்குச் செய்து காட்டவேண்டும். வெயிலில் இறுகும் பசையை இரண்டு துளி எடுத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றைக் கறுப்புத்தாளின் கீழும் வைத்தால், ஒளியின் வேலையைப் பாடநூலின் பத்துப் பக்கம் சொல்லாததைச் சில மணித்துளி சொல்லிவிடும். துளியைக் கையால் தொடக் கூடாது என்பதே அப்பாடத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

தோழர்களே! கிண்ணத்தில் உள்ள பிசினில் ஆற்றலுக்குக் குறைவில்லை. பிணையும் முனைகளுக்கும் குறைவில்லை. தக்க கதிர் படாதவரை அது வடிந்தோடும் நீர்மமே. எவர் சாய்த்தாலும் அப்பக்கம் ஓடும். நம் இனமும் இன்று அந்நிலையில் இருக்கின்றது. அறிவென்னும் கதிர் தாய்மொழி வழியாக ஒவ்வொரு பட்டறைக்கும், ஒவ்வொரு தோப்புக்கும், ஒவ்வோர் அடுக்களைக்கும் சென்று படவேண்டும். நிழலில் விடப்பட்ட இடம் இறுகாது என்பதைப் பிசின் நமக்குக் கற்பிக்கின்றது. ஆகவே படித்தவன் வீட்டு முற்றத்தோடு அக்கதிரை நிறுத்திவிடாதீர்கள். கருத்த விரல்களோடு இங்கு அமர்ந்திருக்கும் நம் தாய்மாரிடம் முதலில் கொண்டுசெல்லுங்கள்.

அறிவு தமிழில் வளர்க! உழைப்பவர் கை நலம் பெறுக!

வெல்க தமிழ்!